கனகராஜ் பார்த்த தோட்டம்

அறுபத்தொரு வயது வரை கனகராஜுக்குத் தன் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. யாராவது தோட்டம் என்றால் அவர் நினைவுக்கு வருவது செடெனாக் பக்கத்தில் அவர் பிறந்த ரப்பர் தோட்டம்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்தது அவர் கணக்கில் சந்திரமதியின் செடிகள், அவ்வளவே.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், மாசாயில் ஒரு மலிவு விலைக் குடியிருப்பில் கடைசி வீடு அவர்களுடையது. முனை வீடு என்பதால் பின்னாலும் பக்கத்திலும் கொஞ்சம் நிலம் கிடைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய கால்வாய். கால்வாயைத் தாண்டினால் யாரும் வெட்டாத புதர்க்காடு. சந்திரமதி இந்த நிலத்தில் இருபத்தாறு வருடங்களாக எதையாவது நட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாமரம், ஒரு ரம்புத்தான் பழமரம், கறிவேப்பிலை, வாழை, சுவர் ஓரமாக வாசனைக்குப் பாண்டான் இலை, எலுமிச்சம்புல். காலி பெயிண்ட் டின்களிலும் உடைந்த பூச்சாடிகளிலும்கூட ஏதாவது ஒன்று துளிர்த்திருக்கும்.

கனகராஜ் இதை வெளிச்சத்தில் பார்த்தது குறைவு. பாசிர் கூடாங்கில் ஒரு பாமாயில் ஆலையில் போர்க்லிஃப்ட் ஓட்டினார். மூன்று ஷிப்ட். பாதி வாழ்க்கை பகலில் தூங்கியே போனது. தூக்கம் கெடக்கூடாது என்று வீட்டின் பின்பக்க ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி தைத்து மாட்டச் சொல்லியிருந்தார். விழித்திருக்கும் நேரத்தில் பேச்சுதான். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல். கடையில் தேத்தண்ணீர் சொன்னால் எதிர்வரிசைக் கடைக்காரனும் திரும்பிப் பார்ப்பான். தொழிற்சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்தால் மைக்கை நகர்த்தி வைத்துவிடுவார்கள்.

போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில், வேலைக்குக் கிளம்பி மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருகும்போது வலது கை கேட்கவில்லை. அப்படியே வண்டியோடு சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். உயிர் பிழைத்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

டாக்டர், “பேர் என்ன?” என்று கேட்டார்.

“சரி,” என்றார் கனகராஜ்.

“இது யார்? உங்க மனைவியா?”

“சரி.”

தண்ணீர் வேண்டும் என்று நினைத்தாலும் அதுவே வந்தது. காலை நகர்த்துங்கள், வலிக்கிறது என்று நினைத்தாலும் அதுவே. மண்டைக்குள் வாக்கியம் முழுசாக நின்றது. வாயைத் திறந்தால் சரி. எழுதிக் காட்டலாம் என்றால் எழுத்துகளும் வரவில்லை. தலையாட்டுவதைக்கூட நம்ப முடியவில்லை. ஆமாம் என்று நினைத்து ஆட்டினால் தலை பக்கவாட்டில் போகும். வேண்டாம் என்று நினைத்தால் மேலும் கீழும் போகும். அது மாறி மாறி வருவதால் சந்திரமதி அதைக் கணக்கில் எடுப்பதையே விட்டுவிட்டாள். பயிற்சி கொடுத்த பெண் ஓர் அட்டையைக் கொடுத்தாள். அதில் ஆறு படங்கள்: சோற்றுத் தட்டு, தண்ணீர்க் குவளை, கழிப்பறை, படுக்கை, விசிறி, முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள். அந்த ஆள்தான் வலி. ஒரு கோடு போட்ட நோட்டையும் கொடுத்து, இடது கையால் தினமும் நேர்க்கோடு போட்டுப் பழகச் சொன்னாள்.

சந்திரமதி டவுனில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். வேலையை விட முடியாது. மகன் கவின் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, முகம் மழித்துவிட்டுப் போவான். மற்ற நாட்களில் மதியம் பக்கத்து வீட்டு ரோஹானா அக்கா வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் கனகராஜ் தனியாகத்தான் இருந்தார். எங்கே உட்கார வைப்பது என்று சந்திரமதி யோசித்தாள். முன் கூடத்தில் வெயில் அடித்தது. சமையலறை குளிர்ச்சியாக இருந்தது. பின்பக்க ஜன்னலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு, கறுப்புத் துணியைக் கழற்றி எறிந்தாள்.

“இனி ஷிப்ட் இல்ல. நல்லா வெளிய பாத்துட்டு இருங்க,” என்றாள்.

டிசம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் சில நாட்கள் அவர் மழையை மட்டும் பார்த்தார். பிறகு கால்வாய் நிரம்பித் தண்ணீர் வேலிக்குள் ஏறியபோது, அதோடு வந்தவர்களையும் பார்த்தார். மாடு கத்துவதுபோலக் கத்தும் தவளைகள். வாழை மரத்தடியில் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்த, ஆள் நீள உடும்பு. அது நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை நக்கியது. இருபத்தாறு வருடமாக இது இங்கேதான் இருந்திருக்கிறது. தன் தலைமாட்டிலிருந்து பத்தடி தூரத்தில். அவருக்குச் சிரிப்பு வந்தது. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

தைப்பூசம் முடிந்த கையோடு மழை நின்றது. பிப்ரவரி வெயிலில் புல் பழுப்பானது, மாமரம் இலை தெரியாமல் பூத்தது. துணி காயப்போடும் கம்பியின் மூலையில் ஒரு தேன்சிட்டு, நாரும் சிலந்தி வலையும் கொண்டு வந்து கூடு கட்டத் தொடங்கியது. தொங்குகிற ஒரு பழைய பைபோல இருந்தது கூடு. கட்டியது பெண்தான். ஆண் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. கனகராஜ் தன்னையே பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். சந்திரமதி துணி காயப்போட வரும்போது கூட்டின் பக்கம் போகாமல் மறு கோடியிலேயே எல்லாத் துணியையும் நெருக்கிப் போடுவதையும் கவனித்தார். அவளிடம் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அன்று மாலை அவள் தேத்தண்ணீர் கொடுக்கும்போது, கம்பியைப் பார்த்து, “சரி, சரி,” என்றார்.

“துணி காஞ்சிருச்சா? இருங்க, எடுத்துட்டு வர்றேன்,” என்று அவள் போனாள்.

ஏப்ரலில் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இடி இடித்தது. தேன்சிட்டுக் குஞ்சுகள் பறந்துபோயின. மே மாதம் முழுக்கக் குயில். ஜூனில் ரம்புத்தான் சிவக்கத் தொடங்க, வயிறு சிவந்த அணில்கள் கிளைக்குக் கிளை தாவின. கனகராஜுக்கு இப்போது நாளும் நேரமும் தெரிந்தன. எந்தப் பறவை எப்போது வரும், எது எந்தக் கிளையில் உட்காரும் என்பதெல்லாம் தெரிந்தன. நோட்டில் நேர்க்கோடு போடும்போதுகூட ஒரு கண் வெளியிலேயே இருக்கும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, நான்கு மணி இருக்கும். அணில்கள் திடீரென்று வித்தியாசமாகக் கத்தின. கனகராஜ் பார்த்தார். வேலியின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று நீண்டுகொண்டே வந்தது. சிறுசு இல்லை. ஒரு சைக்கிள் டியூப் கனம். அவசரமே இல்லாமல் புல்லைக் கடந்து, சுவர் ஓரம் அடுக்கியிருந்த பழைய பூச்சாடிகளுக்கு முன்னால் நின்றது. தலையைத் தூக்கியது. படம் விரித்தது. கருநாகம். துப்பினாலே கண் போய்விடும் என்று ரப்பர் தோட்டத்தில் பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்திய அதே பாம்பு. பிறகு படத்தைச் சுருக்கிக்கொண்டு சாடிகளின் இடுக்கில் தலையைக் கொடுத்தது. உடம்பு முழுவதும் உள்ளே போக வெகுநேரம் ஆனது.

அந்தச் சாடிகளின் மேல்தான் சந்திரமதியின் பூவாளி இருந்தது.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். கை கால் கழுவி, உடை மாற்றி, தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு வந்தாள். கனகராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சரி! சரி, சரி, சரி!”

“என்னங்க, என்ன ஆச்சு?”

அவர் ஜன்னலைக் காட்டினார். அவள் ஜன்னலைத் திறந்தாள். அவர் மறுபடியும் காட்டினார். அவள் மூடினாள். படங்கள் இருந்த அட்டையை எடுத்து வந்து மடியில் வைத்தாள். அவர் ஆறு படங்களையும் பார்த்தார். தட்டு, குவளை, கழிப்பறை, படுக்கை, விசிறி, வலி. முகம் சுளித்த ஆளின் மேல் விரலைக் குத்திக் குத்தி எடுத்தார்.

“எங்க வலிக்குது? தோள்லயா?”

அவள் தைலத்தை எடுத்து வந்து தோளில் தேய்த்தாள். அவர் அவள் கையைத் தள்ளினார். நோட்டை இழுத்தார். பென்சிலைப் பிடித்து, பக்கம் முழுக்க ஒரு கோடு போட்டார். வளைந்து, நெளிந்து, முனையில் கொஞ்சம் அகலமாக. அவளிடம் நீட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

சந்திரமதி நோட்டை வாங்கிப் பார்த்தாள். “பரவால்லங்க. இன்னிக்கு நேரா வரலன்னா என்ன, நாளைக்கு வரும். இதுக்குப் போய் அழுவாங்களா?” என்று அவர் தலையைத் தடவினாள். பிறகு பின்பக்கக் கிரில் கதவைத் திறந்துகொண்டு தண்ணீர் ஊற்றப் போனாள்.

கனகராஜ் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தார். அவள் திரும்பிச் சிரித்தாள். பூவாளியை எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. செடிகளுக்கு ஊற்றிவிட்டு, வாளியை அதே இடத்தில் வைத்தாள். வைக்கும்போது ஒரு சாடி சாய்ந்தது. குனிந்து அதைக் கையால் நிமிர்த்தினாள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. கனகராஜின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

செவ்வாய் மதியம் ரோஹானா அக்கா கஞ்சியோடு வந்தாள். அவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டு ஜன்னலை அடித்தார். கஞ்சி அவள் மேலெல்லாம் தெறித்தது. நல்ல மனுஷி, கோபப்படவில்லை, ஆனால் பயந்துபோனாள். மாலையில் வேலிக்கு மேலாகச் சந்திரமதியைக் கூப்பிட்டு, “உன் புருஷன் இன்னிக்கு ரொம்ப முரட்டுத்தனமா இருந்தார். மூளைல ஏதாவது பண்ணுதோ என்னவோ, டாக்டர்ட்ட காட்டு,” என்று மலாயில் சொன்னாள். சந்திரமதி அப்போது பூவாளியைக் கையில் வைத்துக்கொண்டு, சாடிகளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி மனம் குழம்புவதும் கோபம் வருவதும் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஒரு சின்ன மாத்திரை, இரு வேளை. கனகராஜ் டாக்டரின் மேசையிலிருந்த பேனாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். சந்திரமதி அவர் கையைப் பிடித்து மடியில் வைத்தாள்.

“அவர் முன்ன இப்படி இல்ல டாக்டர். சத்தம் போடுவாரு, ஆனா கை நீட்டுனதே இல்ல.”

“மருந்து சாப்பிட ஒத்துக்கிறாரா?” என்று கேட்டார் டாக்டர்.

“சரி,” என்றார் கனகராஜ்.

மாத்திரை அவரைத் தண்ணீருக்கு அடியில் தள்ளியது. வியாழனும் வெள்ளியும் தலை தொங்கத் தொங்க உட்கார்ந்திருந்தார். இமை கனத்தது. நடுவே ஒரு முறை விழித்தபோது, சாடிகளின் மேல் கறுப்பு உடம்பு வெயிலில் வளைந்து கிடப்பதைப் பார்த்தார். அடுத்த முறை விழித்தபோது அது இல்லை. அது நிஜமா கனவா என்று தெரியவில்லை. அவள் வந்ததும் போனதும்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு மாலையும் அவள் உயிரோடு உள்ளே வந்து சோறு ஊட்டினாள் என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, அவள் போனதும் துப்பினார். மாலை தலை தெளிவாக இருந்தது. ஐந்தே முக்கால். அவள் கிரில் கதவின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். கனகராஜ் வெளியே பார்த்தார். பூவாளிக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், தலை தூக்கி நின்றது அது. சத்தம் கேட்டு நிமிர்ந்திருக்கும். படம் முழுசாக விரிந்திருந்தது. கதவிலிருந்து பார்த்தால் வாளி மறைக்கும். ஜன்னலிலிருந்து மட்டுமே தெரியும்.

“சரி,” என்று கத்தினார்.

“இந்தா வந்துர்றேங்க, ரெண்டு நிமிசம்.”

அவள் ஒரு காலை வெளியே வைத்தாள். அவரிடம் இருந்தது ஓர் இடது கையும் ஓர் இடது காலும். இரண்டையும் நாற்காலியின் மேல் ஊன்றி, தன்னைத் தானே எறிந்தார். நாற்காலி புரண்டது, மேசையிலிருந்த பாத்திரங்கள் எல்லாம் சரிந்தன. சிமெண்டுத் தரையில் இடது கை மடங்கி, அதன் மேல் உடம்பு முழுவதும் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

சந்திரமதி அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அன்று யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள், விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை. இனி அட்டையில் படம் காட்டவும் விரல் இல்லை, நோட்டில் கோடு போடவும் இல்லை. கவின் சிங்கப்பூரிலிருந்து வந்தவன் கட்டில் ஓரத்தில் நின்று அம்மாவைத் தனியே கூப்பிட்டான். ஆனால் கனகராஜுக்குக் கேட்டது.

“இனி நாற்காலில தனியா விட முடியாதுமா. விழுந்துகிட்டே இருப்பாரு.”

“வேலைய விட்டுறட்டுமாடா?”

“வேணாம். கட்டி வைப்போம். மெத்துனு துணி வச்சு. அவருக்கும் அதான் பாதுகாப்பு.”

வீட்டுக்கு வந்த பிறகு அப்படியே செய்தார்கள். சந்திரமதி தன் பழைய பருத்திப் புடவையை மடித்து, அவர் இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு கட்டினாள். முடிச்சுப் போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் அதே ஜன்னல்தான். வேலை முடிந்து வந்து அவரைக் கவனிக்கவே நேரம் சரியாகப் போனதால், செடிகளுக்கு அவள் இப்போது குழாயைத் திறந்து, கதவருகில் நின்றபடியே நீட்டிப் பீச்சினாள். பூவாளியை எடுக்கவில்லை. அந்த அளவுக்குத் தன் கை பயன்பட்டது என்று கனகராஜ் நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஐந்தே முக்கால் ஆனதும் அவர் கண் சாடிகளின் இடுக்கைத் துழாவியது. பாம்பைச் சில நாள் பார்த்தார், பல நாள் பார்க்கவில்லை. அது இல்லாத நாட்கள்தான் மோசம்.

ஆகஸ்ட் கடைசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, குச்சிபோல இருந்தது, விரல் மடங்கவில்லை. அந்த வாரத்திலேயே ஒரு காலை, ரோஹானா அக்காவின் வீட்டிலிருந்து, “ஊலார்! ஊலார்!” என்று கூச்சல் கேட்டது. ஊலார் என்றால் பாம்பு. குளியலறையில் ஒரு குட்டி. பென்சில் கனம்தான். அதற்குள் படம் விரித்து நின்றதாம். பாம்பு பிடிக்கும் பொதுத் தற்காப்புப் படை ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒன்றைப் பிடித்தவர்கள், சாக்கடை ஓரமாகத் தேடிக்கொண்டே வந்து, சந்திரமதியின் சுவருக்கு வந்தார்கள். பூச்சாடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அன்று கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சந்திரமதி கைப்பையோடு கதவில் நின்றாள். ஜன்னலுக்குள்ளிருந்து கனகராஜ் பார்த்தார்.

சாடிகளின் அடியில், மக்கிய இலைகளுக்குள், பதினான்கு முட்டை ஓடுகள். இன்னும் இரண்டு குட்டிகள். பக்கத்திலேயே ஒரு சட்டை, தலையிலிருந்து வால் வரை கிழியாமல். அதைத் தூக்கிப் பிடித்தவனின் தோளிலிருந்து பாதம் வரை தொங்கியது.

“தாய் இங்க இல்ல அக்கா. ஆனா ரெண்டு மூணு மாசமா இங்கதான் போகவர இருந்திருக்கு. நீங்க யாரும் பாக்கலயா?” என்று மலாயில் கேட்டான் அவன்.

சந்திரமதி முதலில் அந்தச் சட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளே வந்து அலமாரியில் கிடந்த நோட்டைத் தேடி எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். நேர்க்கோடு, நேர்க்கோடு, நேர்க்கோடு. பிறகு அந்தப் பக்கம். அதை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள்.

“இதுவா? இதத்தான் வரஞ்சு குடுத்தீங்களா?”

“சரி,” என்றார் அவர்.

“அன்னிக்கு... நீங்களா விழுந்தீங்களா?”

“சரி.”

அந்தச் சொல் பொருத்தமான இடத்தில் விழுந்தது பல மாதங்களில் அன்றுதான். சந்திரமதி தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே புடவை முடிச்சை அவிழ்த்தாள். “நான் மாத்திர குடுத்தேனே, கட்டி வச்சேனே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கனகராஜ் அவள் தலையில் கையை வைத்தார். விரல் மடங்காததால் தடவ முடியவில்லை, சும்மா வைத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் நிம்மதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அதன் பிறகு சந்திரமதிக்கு வெளியே போகவே பயமாகிவிட்டது. தாய் இன்னும் எங்கேயோ இருக்கிறது. வாழையிலை அசைந்தால் திடுக்கிட்டாள். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். அவளுடைய பயம் அவளுக்காக இல்லை. கடைக்குப் போனால் அங்கே தேய்ப்புப்பெட்டியை வைத்துக்கொண்டு, ஓடமுடியாத மனுஷன், கத்தத் தெரியாத மனுஷன், ஜன்னலோரத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறாரே என்றே நினைத்தாள். கதவிடுக்கில் அது உள்ளே வந்தால்?

ஞாயிறு கவின் வந்தபோது முடிவாகிவிட்டது.

“மொத்தமா சிமெண்ட் போட்டுர்லாம்மா. மரத்தையும் எடுத்துறணும். நிழல் இருந்தாத்தான் வரும், எல போட்டு மூடி வச்சாத்தான் முட்ட போடும்.”

“மாமரமுமா?”

“அப்பா முக்கியமா மரம் முக்கியமா?”

சந்திரமதி ஜன்னல் வழியே மாமரத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடம். பிறகு கனகராஜின் பக்கம் வந்து, குனிந்து, அவர் கண்களைப் பார்த்துக் கேட்டாள். பாம்பு விஷயத்துக்குப் பிறகு எதையும் அவரிடம் கேட்காமல் செய்வதில்லை என்று வைத்திருந்தாள்.

“என்னங்க, தோட்டத்த எடுத்துறலாமாங்க? உங்களுக்குச் சம்மதமா?”

கனகராஜுக்குள் வார்த்தைகள் முட்டின. வேண்டாம் சந்திரா. சாடிகளை மட்டும் எடு. இலையைக் கூட்டிவிடு. கதவுக்கு அடியில் ஒரு கட்டை வை, போதும். கறிவேப்பிலை மரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது, இரண்டு குஞ்சு இருக்கிறது, இன்னும் பத்து நாள் போகட்டும். வேண்டாம்.

“சரி,” என்றார்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். “பாத்தியா, அப்பாவே சொல்லிட்டாரு,” என்றாள் மகனிடம்.

அவர் தலையை ஆட்டினார். அது மேலும் கீழும் போனது.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்தார்கள், நான்கு பேர், ஒரு லாரி, ஒரு சங்கிலி ரம்பம். சந்திரமதி பார்க்க விரும்பாமல் வேலைக்குப் போய்விட்டாள். முதலில் வாழை. பிறகு ரம்புத்தான். கறிவேப்பிலை மரத்துக்கு ஓர் ஆள் பாராங் கத்தியோடு வந்தபோது, கொண்டைக்குருவிகள் இரண்டும் அவன் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன. கனகராஜ் மெலிந்த கையால் கண்ணாடியைத் தட்டினார். பலம் இல்லாததால் சத்தம் சின்னதாகத்தான் வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். நல்ல பையன் முகம். ஜன்னலுக்குள் ஒரு நோயாளி தன்னைப் பார்த்துக் கையசைப்பதாக நினைத்துக்கொண்டு, பற்கள் தெரியச் சிரித்து, அவனும் கையசைத்தான். பிறகு இரண்டே வெட்டு.

குருவிகள் மதியம் வரை வேலியில் உட்கார்ந்து கத்தின. வாயில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு ஒன்று, மரம் இருந்த இடத்துக்கு மேலே வெறும் காற்றில் படபடத்து நின்றது. திரும்பவும் வேலிக்குப் போனது. திரும்பவும் வந்தது. அன்று கஞ்சி கொண்டுவந்த ரோஹானா அக்கா அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டு, தூசி கண்ணில் பட்டிருக்கும் என்று ஜன்னலை மூடினாள்.

மாமரம் அடுத்த நாள் போனது. அதற்கடுத்த நாள் கம்பி வலை விரித்து, சிமெண்டுக் கலவையைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்தார்கள். வேலியின் அடியும் அடைபட்டது. வேலை சுத்தம். கவின் போட்டோ எடுத்துப் போட்டபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பாம்பு வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. மழை பெய்தால் தண்ணீர் சிமெண்டில் அடித்து, நேரே சாக்கடையில் இறங்கியது. மழை இல்லாத நாட்களில் வெயில் தரையில் பட்டுத் திரும்பி, சமையலறை அடுப்புபோலக் கொதித்தது. இரண்டே வாரத்தில் கனகராஜின் முதுகெல்லாம் வேர்க்குரு. சந்திரமதி நாற்காலியை முன் கூடத்துக்கு மாற்றினாள். அங்கே தெரிவது ரோடு. காலையில் ஆலை பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். மாலையில் இறக்கிவிட்டுப் போகும். சிலர் அவரைத் தெரிந்தவர்கள். “என்ன கனகராஜ்ணே, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடப்பார்கள்.

ஒரு மாலை சந்திரமதி வேலை முடிந்து வந்தாள். உடை மாற்றினாள், தேத்தண்ணீர் ஆற்றினாள். அவருக்குக் கொடுத்தாள். பிறகு பழக்கத்தில் எழுந்து சமையலறைக்குப் போனாள். கிரில் கதவின் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பூட்டும் சத்தம். திரும்பி வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல மடியில் மாற்றி மாற்றி வைத்தாள்.

“என்னங்க,” என்றாள் கடைசியில், ரோட்டைப் பார்த்தபடி. “நான் செஞ்சது தப்பாங்க?”

கனகராஜ் அவளைப் பார்த்தார். தலையில் நரை கூடியிருந்தது. புறங்கையில் தேய்ப்புப்பெட்டி சுட்ட பழைய தழும்பு. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அது அவளை அறுக்கும். தலையை ஆட்டவும் துணியவில்லை. அது எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது. அதனால் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். இடது கையை மெல்ல மெல்ல நகர்த்தி, அவள் கையின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அவள் அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தாளோ, மன்னித்துவிட்டார் என்று நினைத்தாளோ, அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழி இல்லை. வெளியே ஆலை பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள்.